அம்மாவுக்கு உடம்பு சரியில்லை

கராஜ் கதவு இறங்கும் சத்தம் கேட்கும்வரை ராஜலக்ஷ்மி தன் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. வேலைக்குக் கிளம்புகிறவர் எதிரில் விதவை வரலாகாது என்பது அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் வந்த பிறகும் மாறாத வீட்டுச் சட்டம். அன்று கதவு இறங்கவில்லை. ஷூ சத்தம் அவள் அறையை நோக்கி வந்தது.

"மன்னி, வெளியே வராதேங்கோ. அங்கேருந்தே கேளுங்கோ" என்றார் மைத்துனர் கஸ்தூரிரங்கன். "வெள்ளிக்கிழமை ஷ்யாமளாவோட நானும் ருக்மிணியும் நடக்கறோம்."

கணவர் ஸ்ரீநிவாசன் மாரடைப்பில் போனபின், மகள் ஷ்யாமளாவோடு அவள் ஒண்டியிருப்பது இவர் வீட்டில்தான். ஷ்யாமளா பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். பள்ளியை முடிக்கப்போகும் பேண்ட் பிள்ளைகள், வருடத்தின் கடைசி ஃபுட்பால் ஆட்டத்தன்று பெற்றோரோடு மைதானத்தின் குறுக்கே நடப்பார்கள். அம்மாவுக்கு ஒரு ரோஜா கொடுப்பார்கள்.

"அவளைப் பெத்தவ நான்" என்றாள் ராஜலக்ஷ்மி, மூடிய கதவிடம்.

"யார் இல்லேன்னா? பூ வாங்கிக்கற இடம். நம்மவா எல்லாரும் வருவா. அடுத்த வாரம் கிரகப்பிரவேசம் வேற. புது வீட்ல கீழ் ரூம் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன். என் மனசை மாத்திக்கப் பண்ணிடாதேங்கோ."

அவர் குரலை உயர்த்துவதே இல்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

மாலையில், பேண்ட் பெற்றோர் குழுவின் நான்சியிடம் கஸ்தூரிரங்கனின் மனைவி ருக்மிணி போனில் பேசியது ஷ்யாமளாவின் காதில் விழுந்தது.

"அம்மா இஸ் ஃபைன், சித்தி. வொய் டிட் யூ லை?"

"பின்னே என்னடி சொல்றது? விடோ பூ வாங்கிக்கப்படாதுன்னா அவளுக்குப் புரியுமா? ரொம்ப சிக்னு சொன்னா, ஐயோ பாவம்னு விட்டுடுவா."

"தென் ஐ வோன்ட் வாக்."

"நடம்மா" என்று ராஜலக்ஷ்மி முந்திக்கொண்டாள். "நான் மேலே உக்காந்து பாக்கறேன்."

அந்த அளவுக்குக் கஸ்தூரிரங்கன் இரக்கம் காட்டினார். யாரிடமும் பேசக்கூடாது என்றார்.

வெள்ளிக்கிழமை மைதானத்தின் விளக்குகள் வெள்ளையாக எரிந்தன. ராஜலக்ஷ்மி கேலரியின் உச்சிப் படியில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டரோடு ருக்மிணி, கையில் ரோஜா. நடுவில் சீருடையில் ஷ்யாமளா, கல்போல நின்றாள்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் உடைந்து வந்தது. தொடர்ந்து, "இந்தப் பெண்ணின் தாயார் கடும் நோயில் படுத்திருக்கிறார். அவருக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்கள்.

மைதானமே எழுந்தது. டிரம்கள் நின்றன. கஸ்தூரிரங்கனும் தலை குனிந்துகொண்டார். ராஜலக்ஷ்மிக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தார். உட்கார்ந்தே இருந்த இவளைப் பார்த்து, விவரம் தெரியாதவள் என்று நினைத்து, எழுந்திருக்கும்படி மெல்லச் சைகை செய்தார்.

தனக்கே மௌன அஞ்சலி செலுத்த அவள் எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை. இரும்புப் படிகள் அந்த அமைதியில் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. கீழே வேலிக் கதவருகே நான்சி கை நீட்டித் தடுத்தாள்.

"மதர்" என்றாள் ராஜலக்ஷ்மி. "ஐ ஆம் நாட் சிக்."

நான்சியின் கை தானாக இறங்கியது.

அவள் அருகில் வந்ததும் கஸ்தூரிரங்கன் கூட்டத்துக்காகச் சிரித்துக்கொண்டே பல்லிடுக்கில் பேசினார். "எல்லாரும் பாக்கறா. திரும்பிப் போங்கோ, மன்னி."

ருக்மிணி ரோஜாவை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அதை யாரும் கேட்கவில்லை. ஷ்யாமளா சித்தியின் பிடியிலிருந்து கையை உருவி அம்மாவிடம் நீட்டினாள்.

"ராத்திரி வீட்டுக்குத்தானே வரணும்?" என்றார் அவர். அப்போதும் குரல் உயரவில்லை.

ராஜலக்ஷ்மிக்கு அது கேட்டது. எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"எந்தக் காலைடி முதல்ல வைக்கணும்?"

"லெஃப்ட், அம்மா. பேண்ட்ல எப்பவும் லெஃப்ட்தான்."

டிரம் அடித்தது. ராஜலக்ஷ்மி இடது காலை எடுத்து வைத்தாள்.