இரண்டாவது பத்தி

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கண் டாக்டர் கேட்டதும் அக்கா விரல்விட்டு எண்ணினாள். பதினோரு நாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் மின்னல் அடித்த அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா என்றார். பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தங்கை. அக்கா சொல்லியிருந்தாள். அவளிடம்தான் சொல்லியிருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் போன் தங்கைக்குத்தான். அவள் பார்ப்பதோ ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசையில் வேலை. ஆனாலும் எதைக் கேட்டாலும் போனைத் தட்டி ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவாள். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மிக்ஸி ஏன் கருகிய வாடை அடிக்கிறது, எல்லாவற்றுக்கும். அக்கா புருஷன் கிண்டலாக 'டாக்டரம்மா' என்று கூப்பிடப்போய் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் அது பிடித்திருந்தது. போகப் போக, தெரிந்த விஷயத்தைக்கூடப் போனில் பார்க்காமல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்கும் முன் போனைத் திறப்பவள் அவள்.

அன்று அக்கா கூப்பிட்டபோது அவள் மளிகைக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அக்காவுக்குத் தையல்தான் தொழில். ஊசியில் நூல் கோக்கும்போது வலது கண்ணில் கறுப்புக் கறுப்பாகத் தூசி பறக்கிறது, ஓரத்தில் பளிச்சென்று மின்னுகிறது என்றாள். தங்கை கூடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தேடினாள். முதலில் வந்த பக்கத்தின் முதல் பத்தி, வயது ஏறினால் கண்ணில் புள்ளிகள் மிதப்பது சகஜம் என்றது. அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா, வயசாகுதுல்ல. கொஞ்ச நாள் தைக்காம கண்ணுக்கு ரெஸ்ட் குடு."

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, பதினோரு நாள் ஒழுங்காக ரெஸ்ட் எடுத்தாள்.

இப்போது அவள் டாக்டரைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லல டாக்டர். நானாத்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே மேசைக்கடியில் தங்கையின் முழங்காலை மெல்லத் தட்டினாள். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தங்கைக்கு. வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். விழித்திரை கழன்றுவிட்டது, இன்றே ஆபரேஷன், பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அக்காவை உள்ளே அழைத்துப்போன பிறகுதான் அக்கா புருஷன் வந்து சேர்ந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். கை கழுவக்கூட நிற்காமல் ஓடி வந்திருந்தார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"டாக்டரம்மா, பார்வை முழுசா வந்துடுமா? இங்க யாரைக் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

அக்கா அன்றே தன்னிடம் கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் போனைத் திறந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வெட்கத்தில் காது மடல் சுட்டது. அன்றைய பக்கம் மூடாமல் அப்படியே இருந்தது. விரலால் மேலே தள்ளினாள். அன்று அவள் தள்ளிப் பார்க்காத இரண்டாவது பத்தி வந்தது. அதைப் படித்தாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள்.

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடிய டிப்போலயே வச்சிட்டு வந்துட்டேன். நீயே படிம்மா."

அவள் போனைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள். "'ஆனால் கண்ணின் ஓரத்தில் மின்னல் போல வெளிச்சம் தெரிந்தால், அன்றைக்கே...'"

குரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் கேட்பதற்காகத் தலையை அவள் பக்கம் சாய்த்தார்.