நாலாவது கட்டில்

கோடை வந்தால் கொசு வரும், பின்னாலேயே சர்ச் வேன் வரும் என்று மெல்வின் சொல்வான். இரண்டில் எது அதிகம் கடிக்கும் என்பதுதான் அவனுக்குச் சந்தேகம். வேறு வருஷமாக இருந்தால் லவானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். இந்த வருஷம் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கட்டில் வேண்டியிருந்தது, அதுவும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள்.

அவள் தங்கை பிப்ரவரியில் பனிச்சாலையில் கார் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாள். தங்கையின் மூன்று பிள்ளைகளும் அன்றைக்கே லவானின் டிரெய்லர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதில் யாருக்கும் கேள்வி இருக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளான லக்கோட்டா ஜனங்களுக்கு அம்மாவின் அக்காவும் அம்மாதான். பிறந்ததிலிருந்தே அந்தப் பிள்ளைகள் அவளை 'ஈனா' என்றுதான் கூப்பிட்டார்கள். கேள்வி எல்லாம் கோர்ட்டுக்குத்தான். பிள்ளைகள் நல ஆபீஸிலிருந்து வந்த பெர்னடீன், மூன்று பேரும் ஒரே மெத்தையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"எனக்கு உன்னத் தெரியும், லவான். ஜட்ஜுக்குத் தெரியாதே. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மறுபடி வந்து பாப்பேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில். அது இல்லேன்னா மூணையும் டவுனுக்கு அனுப்பிடுவாங்க. மூணு பேருக்கும் மூணு வீடு. நான் தடுக்க முடியாது."

ஆகவே திங்கட்கிழமை வேனும் மரம் ஏற்றிய லாரியும் வந்து நின்றபோது லவான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இலவசமாகக் கட்டில் செய்து தர சர்ச் ஆட்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள், சின்னதும் பெரியதுமாக. தலைவர் நார்ம் ஓய்வுபெற்ற தச்சர். எதைச் சொன்னாலும் முதலில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வார். பலகைகளை இறக்குவதற்கு முன்னால் எல்லோரும் வட்டமாக நின்று கண்ணை மூடி ஜெபித்தார்கள்.

"மரத்துக்கு ஞானஸ்நானம் நடக்குது போல" என்றான் மெல்வின். அவன் லவானின் பெரியம்மா மகன். வேலை எதுவும் இல்லாததால் தினமும் தன் லாரியின் முகப்பில் உட்கார்ந்து அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பான்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இரு. கட்டில் போட்டு முடிக்கட்டும். அப்புறம் உன் இஷ்டம்."

அன்றைக்குத்தான் லவான் அந்தச் சின்னப் பெண்ணை முதலில் பார்த்தாள். ஆறு, ஏழு வயது இருக்கும். மாநிறம், காதோடு சேர்த்து வெட்டிய முடி. அந்த வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சாம்பல் நிறச் சட்டையும் வெள்ளைக் காலரும் போட்டு நின்றாள். லவானுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதெல்லாம் எந்த வெள்ளைக்கார சர்ச் வேனைத் திறந்தாலும் தத்தெடுத்த பிள்ளைகள் ஒன்றிரண்டு இறங்குகின்றன. எடுத்தவர்கள் எடுத்தார்கள், ஜூலை மாதத்தில் ஒரு அரைக்கை சட்டை போட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

மற்றப் பிள்ளைகள் சுற்றி ஓடின. அவள் ஓடவில்லை. நார்ம் அளவெடுக்கும் இடத்தில் போய் நின்று, அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அதை ஒரு பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டவளைப் போல ஐந்து நாளும் அந்த வேலையைச் செய்தாள்.

மதியம் லவான் எல்லோருக்கும் மாட்டிறைச்சி சூப்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் கொடுப்பாள். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தட்டு. அவள் தட்டைப் படியில் வைத்து, பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் எழுந்த பிறகு தட்டு வைத்தபடியே இருக்கும். புதன்கிழமை, வீணாகப் போகிறதே என்று மெல்வின் அதை எடுத்துச் சாப்பிட்டான்.

"என்ன லவான், உப்பு போட மறந்துட்டியா? சப்புனு இருக்கு."

"ஒரே பானை அண்ணே. முதல் தட்டு சாப்பிடும்போது இனிச்சுச்சா?"

அவன் ரொட்டியையும் கடித்துப் பார்த்தான். அட்டையைக் கடித்ததுபோல இருந்தது என்று துப்பிவிட்டான். பிறகு அந்தப் பெண் உட்கார்ந்திருந்த படியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.  சீக்கிரமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

லவானுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. பிள்ளைகளில் நடுவிலவள் ஷைலாவும் கடைக்குட்டி பக்கும் அந்தப் பெண்ணோடு வாசற்படியடியில் விளையாடுவதைப் பார்த்திருந்தாள். பக்குக்கு நாலு வயது; அவன் இஷ்டத்துக்கு ஒரு பேர் வைத்து எல்லோரையும் கூப்பிடுவான்.

"அந்தப் பொண்ணு பேர் என்னடா?"

"அவளுக்கே தெரியாதாம் ஈனா. மறந்துடுச்சாம்."

இது என்ன விளையாட்டோ என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு நார்ம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "வந்து பாருங்கம்மா. முடிஞ்சுது."

பின்னறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் எதிரெதிராக நின்றன. புது மரத்தின் வாசனை. மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் போட்டாகிவிட்டது. மூத்தவன் டெய்டன் மேல்தட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு, பதினோரு வயதுக்காரன் காட்டக் கூடாத சந்தோஷத்தை மறைக்கச் சுவரைப் பார்த்திருந்தான். அவனுக்குக் கீழே பக். எதிரில் கீழ்த்தட்டில் ஷைலா. லவான் ஒவ்வொரு போர்வையாகத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் எண்ணினாள்.

"நாலு கட்டில் இருக்கே."

"நாலு பிள்ளைங்கதானே" என்றார் நார்ம்.

"எனக்கு மூணுதான்."

நார்ம் சிரித்தார். சுவரில் அவர் பென்சிலால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்துக் கட்டிலுக்கு அளவெடுத்த கோடுகள். நாலு இருந்தன. "இது பெரிய பையன். இது இந்தப் பொண்ணு. இது குட்டி. இது அவ, டேப் பிடிக்கிற பொண்ணு."

"அவ உங்க கூட வந்த பிள்ளை."

"எங்க கூட வந்ததா? இல்லம்மா. உங்க பொண்ணுன்னுல்ல நினைச்சேன். முதல் நாள் லாரியை நிறுத்தும்போதே உங்க வாசல்லதான் நின்னா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவருகே நின்றிருந்தாள். கையில் டேப்பின் நுனி. டேப்பின் பெட்டி நார்மின் இடுப்பில் மாட்டியிருந்தது. நாடா அறை முழுக்க நீண்டு கிடந்தது. அவர் அதை இழுத்துவிட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே மண்சாலையில் புழுதி கிளம்பியது. பெர்னடீனின் கார்.

லவானுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. கோர்ட் பேப்பரில் மூன்று பிள்ளை என்று இருக்கிறது. வீட்டில் பேர் தெரியாத நாலாவது ஒன்று நின்றால் என்ன ஆகும்? யார் பிள்ளை, எங்கிருந்து வந்தது, ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் மூன்றும் மூன்று திசைக்குப் போய்விடும்.

"எனக்குத் தெரியாது, இவ எங்க பிள்ளை இல்ல. உங்க வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே."

"அம்மா, யாரோட பிள்ளைன்னு தெரியாம எப்படி..."

"உங்க ஆளுங்க யாரோட பிள்ளைன்னு கேட்டுட்டா இத்தனை வருஷமா எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனாங்க?"

அவளே எதிர்பார்க்காமல் வந்த வார்த்தை அது. நார்மின் காது சிவந்துபோனது. அந்தப் பெண் டேப்பை விட்டாள். நாடா சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. யாரும் சொல்லாமலே அவள் திரும்பி, வராந்தா படி இறங்கி, வேனின் பின்கதவு வழியாக ஏறினாள். கடைசி சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியின்மேல் வைத்து நேராகப் பார்த்தாள். அழவில்லை.

 அந்த உட்காரும் விதத்தை லவான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள்.

லவான் பிறப்பதற்கு முந்தின வருஷம், இதே இடத்தில் நின்ற அவள் அம்மாவின் மரவீட்டுக்கு ஓர் அதிகாரியம்மா வந்து படுக்கைகளை எண்ணியிருக்கிறாள். பிள்ளைகள் ஐந்து, படுக்கை நாலு. ஒன்று கூடுதல் என்று எழுதிக்கொண்டாள். பனிக்காலம் முடியும்வரை மட்டும் என்று சொல்லி, கிழக்கே எங்கோ இருந்து வந்த சர்ச் தம்பதி நடுப்பெண்ணைக் காரில் கூட்டிப்போனார்கள். வசந்தத்தில் பிள்ளை வரவில்லை, காய்ச்சலில் போய்விட்டதாக ஒரு கடிதம்தான் வந்தது. அதற்குப் பிறகு லவானின் அம்மா அந்தப் பெயரை உச்சரிக்கவே இல்லை. லவானுக்கு அந்தப் பெயரே தெரியாது. அம்மா சாகக் கிடந்தபோது ஒரே ஒரு தடவை சொன்னாள்: முட்டிமேல கைய வச்சுக்கிட்டு நேரா பாத்துட்டு உக்காந்திருந்தா, அழல, அழுதிருந்தா நான் இழுத்து இறக்கியிருப்பேன்.

பெர்னடீன் உள்ளே வந்து சமையல் மேஜையில் பைலைப் பிரித்தாள். வெளியே நார்மின் ஆட்கள் சாமான்களை அவசர அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? நல்ல நாள்தானே. பள்ளிக்கூட பேப்பர் இருக்கா? தடுப்பூசி அட்டை?"

லவான் எடுத்துக்கொடுத்தாள். பெர்னடீன் கேட்டாள், அவள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு நினைவில்லை. வேன் கதவு மூடும் சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது. சக்கரம் சரளையில் உருண்டது. இன்னும் ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளைகள் மூவரும் அவளுக்குத்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நாற்காலி பின்னால் விழுவதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து ஓடினாள்.

ஐம்பத்தாறு வயதில் ஓடுவது லேசில்லை. வேலி வாசலில் வேனை மறித்து, முகப்பில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"கதவைத் திறங்க. அது எங்க பிள்ளை."

நார்ம் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். கடைசி சீட்டில் கிர்ஸ்டன் என்ற பதினாறு வயதுப் பெண் மட்டும் இருந்தாள். தன் இடது கையைத் தன் வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்... இப்ப வரைக்கும் என் கையைப் பிடிச்சிருந்தா" என்றாள். "வரும்போதும் இங்கதான் உக்காந்திருந்தா. கிழக்க, எங்க சர்ச் வாசல்லயே ஏறினா. ரெண்டு நாள் பயணமும் என் பக்கத்துலதான். வேற யாரோ கூட்டிட்டு வர்ற பிள்ளைன்னு நினைச்சேன்."

நார்ம் கிர்ஸ்டனைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

லவான் திரும்பி நடந்தாள். நடக்கும்போது அழுதாள். வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி விரட்டிவிட்டோம், அம்மாவையாவது மிரட்டித்தான் பறித்தார்கள், நான் யாரும் கேட்காமலே கொடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். இனி பெர்னடீன் என்ன எழுதினாலும் எழுதட்டும் என்று இருந்தது. ஆனால் டெய்டனின் சுவர் பார்த்த முகம் நினைவுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெர்னடீன் வராந்தாவில் நின்றிருந்தாள், பைலை மார்போடு அணைத்தபடி.

"படுக்கை அறையைப் பாத்துட்டேன்" என்றாள். "கோர்ட் பேப்பர்ல மூணு பிள்ளை. உள்ள நாலு இருக்கு."

லவான் படியேறி அவள் முன்னால் போய் நின்றாள்.

"மேல்கட்டில்ல ஒண்ணு தூங்குது. சுவர்ப்பக்கம் திரும்பி. தூங்குற பிள்ளையை எழுப்பக் கூடாதுன்னு விட்டுட்டேன். யாரு அது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, மெல்வினின் பேத்தி, எத்தனையோ இருந்தன. லவானுக்கு இன்னொரு தடவை அவளை யாரோ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"என் அக்கா" என்றாள்.

பெர்னடீனும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அவள் வீட்டிலும் பெயர் சொல்லாத ஒருவர் இருந்திருக்கக்கூடும். லவானின் முகத்தைப் பார்த்தாள். 

"எல்லாருக்கும் கட்டில் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப எனக்கு வேற கேள்வி இல்ல."

வராந்தாக் கம்பியிலேயே பைலை வைத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். லவானின் பிரதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் காருக்கு நடந்தாள். 

உள்ளே டெய்டன், ஷைலா, பக் மூவரும் அவரவர் கட்டிலில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக் உதட்டில் விரல் வைத்து உஷ் என்றான். லவான் ஷைலாவுக்கு மேலே இருந்த கட்டிலின் ஏணியில் இரண்டு படி ஏறினாள். புதுப் போர்வை கழுத்துவரை இழுத்து விட்டிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. பழைய கறுப்பு பூட்ஸ், கணுக்காலுக்கு மேல்வரை கயிறு போட்டது. எந்த நேரமும் கிளப்பிக் கூட்டிப்போவார்கள் என்று பழகிப்போன பிள்ளைகள்தான் செருப்போடு தூங்கும். அடியில் ஒட்டியிருந்த மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. இந்தப் பக்கம் அப்படி மண் கிடையாது.

பெயர் தெரியாவிட்டால் என்ன? இங்கே பெண்கள் அக்காவைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? தன்னைவிட ஐம்பது வயது சின்னவளான அவளை லவான் அக்கா என்று லக்கோட்டாவில் முறை சொல்லியே கூப்பிட்டாள்.

"சுவே. பூட்ஸைக் கழட்டிடலாம். இனிமே எங்கயும் போக வேண்டாம்."

 கயிறு முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. பற்களால் இழுத்து, நகத்தால் நெம்பி, மெதுவாக அவிழ்த்தாள். வெகுநேரம் ஆனது. ஒரு பூட்ஸைக் கழற்றிக் கீழே ஷைலாவிடம் கொடுத்தாள். உள்ளே இருந்த கால் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்றிருந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

இன்னொரு காலை அவளே நீட்டினாள்.