ஆறு டிகிரிச் சாய்வு

அக்காவும் தங்கையுமாக நடத்திவந்த அந்தப் பார்லரில் மூன்று நாற்காலிகள் இருந்தன. இரண்டு, முடி வெட்டுவதற்கு. மூன்றாவது, தலை அலசுவதற்கு. அதில் பின்னால் சாய்ந்தால் கழுத்து நேராகப் பீங்கான் தொட்டியின் பள்ளத்தில் போய் உட்காரும். நாற்காலியும் தொட்டியும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டவை. இவர்கள் கடையை எடுத்தபோதே அது அங்கே இருந்தது. எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லும் தகடுகூட இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன.

அக்கா கத்திரிக்கோல் பிடிப்பவள். தங்கை தலை அலசுவாள், சாயம் போடுவாள், கடையில் எது ரிப்பேரானாலும் அவள்தான் பார்ப்பாள். சின்ன வயதில் ரேடியோ, டார்ச் லைட், தையல் மிஷின் என்று ஒன்றை விடாமல் திருகாணி கழற்றிக் குடைந்துகொண்டே இருந்ததால் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர் வந்தது. நாற்பத்திரண்டு வயதாகியும் பெயர் போகவில்லை. பஸ் ஓட்டும் அவள் கணவன்கூட அவசரத்துக்கு அப்படித்தான் கூப்பிடுவான்.

ஒரு நாள் காலை, பல் டாக்டரம்மா ஒருவர் தலை முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தபோது நாற்காலியின் அடியில் சடக்கென்று ஒரு சத்தம். முதுகுச் சாய்மானம் சரிந்தது. குடைச்சல் ஒரு கையால் டாக்டரம்மாவின் தலையையும் இன்னொரு கையால் சாய்மானத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மேடம், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே உதவி கேட்டாள்.

பிறகு கீழே படுத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. சாய்மானத்தோடு சேர்ந்து திரும்பும் வளைந்த இரும்புப் பட்டை ஒன்று, ரம்பம் மாதிரி பல்லோடு இருக்கும். அந்தப் பல்லில் மாட்டிக்கொண்டு சாய்மானத்தை நிறுத்தி வைப்பது விரல் நீளக் கொக்கி ஒன்று. அதுதான் நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடலெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்லைங்க. மொத்தமா எடுத்துப் போட்டுட்டுப் புதுசா மாட்டிடுங்க."

மொத்தமாக எடுப்பது என்றால் தரையை உடைக்க வேண்டும், தண்ணீர்க் குழாயைத் திருப்ப வேண்டும், கடையைச் சாத்தி வைக்க வேண்டும். அக்கா பெருமூச்சு விட்டுச் சம்மதித்தாள். குடைச்சலுக்கு மனசு கேட்கவில்லை. "விரல் நீளத் துண்டு ஒண்ணு உடைஞ்சதுக்குத் தரையையே உடைக்கணுமா?" என்றாள்.

"அப்ப நீயே செஞ்சு போடேன்," என்றாள் அக்கா, கோபத்தில்.

அதை அவள் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. பொது நூலகத்தின் வாசலில் அவள் ஒரு அறிவிப்பைப் பார்த்திருந்தாள். கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்களை வடிவமைக்கக் கற்றுத் தருகிறார்கள், சனிக்கிழமை காலையில், முன்அனுபவம் எதுவும் வேண்டாம் என்று அதில் இருந்தது. சாய்மானத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஜன்னல் இல்லாத அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சொல்லிக்கொடுத்த பெண் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைனர். குடைச்சலின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள்.

முதலில் ஒரு தட்டையான பரப்பில் கோடு போடச் சொன்னாள் டீச்சர். குடைச்சல் போட்டாள். கோடு நீலமாக இருந்தது. மவுஸால் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி கூடவே வந்தது.

"இது என்ன டீச்சர், ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது?"

"நீங்க இன்னும் அதுக்கு ஒண்ணுமே சொல்லலையே அக்கா. எவ்வளவு நீளம், எங்கேருந்து எவ்வளவு தள்ளி, எதுக்கு நேரா இருக்கணும், எல்லாத்தையும் சொல்லுங்க. சொல்லச் சொல்லக் கருப்பாகும். முழுக்கக் கருப்பாயிட்டா நீங்களே இழுத்தாலும் அசையாது."

நாலு கோடுகளைச் சேர்த்துச் சதுரமாக்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி அளவைத் தட்டியதும் எல்லாக் கோடுகளும் ஒன்றாகக் கருத்தன. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வீட்டில் பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொன்னாலும் நடக்காத ஒன்று இங்கே நடந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து நடந்ததற்கு அவள் தயாராக இல்லை. தட்டையாகக் கிடந்த அந்தச் சதுரத்துக்குத் தடிமன் கொடுக்கச் சொன்னாள் டீச்சர். குடைச்சல் ஒரு எண்ணைத் தட்டினாள். சதுரம் மெல்ல எழும்பிக் கட்டியாக நின்றது. அதன் ஒரு பக்கத்தில் வெளிச்சம், மறுபக்கத்தில் நிழல். மவுஸை உருட்டினால் அது திரும்பியது. இன்னும் கொஞ்சம் திருப்பி, அடியில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவள், தன்னையறியாமல் தலையைக் குனிந்து மேசைக்குக் கீழிருந்து திரையைப் பார்த்தாள்.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நானும் முதல் நாள் அப்படித்தான் குனிஞ்சு பார்த்தேன்," என்றாள்.

அன்று மதியம் வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். "ஒண்ணுமே இல்லாத இடத்துலேருந்து ஒரு பொருள் எழும்பி வந்துச்சுங்க. கையை நீட்டி எடுக்கலாம்போல இருந்துச்சு."

"எடுத்தா கனமா இருக்குமாக்கும்?" என்று கேலி செய்தான் அவன்.

"கனமும் சொல்லுது. இது இரும்புன்னு நாம சொல்லிட்டா எத்தனை கிராம்னு அதுவே சொல்லுது."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "இன்னும் செய்யாத சாமானுக்கா?"

"செய்யாத சாமானுக்கு."

அடுத்த சில சனிக்கிழமைகளில் கொக்கி வளர்ந்தது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, டீச்சர் கொடுத்த வெர்னியர் அளவுகோலால் ஒவ்வோர் இடத்தையும் அளந்தாள். சுழலும் ஆணிக்கு ஒரு துளை, ஸ்பிரிங் மாட்ட ஒரு காது, விரல் மாதிரி வளைந்த முதுகு. பல்லைப் பிடிக்கும் முகத்தை அளந்தபோது மட்டும் ஒரு சிக்கல். அது செங்குத்தாக இல்லை. தொண்ணூறு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்து நான்குதான் இருந்தது. முகம் ஆறு டிகிரி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"தேய்ஞ்சிருக்கும், இல்லையா டீச்சர்?"

டீச்சரும் வாங்கிப் பார்த்தாள். "இத்தனை வருஷம் உரசினா தேயாம இருக்குமா? நேராவே போட்டுடுங்க அக்கா."

நேராகப் போட்டாள். தகட்டை லேசரில் வெட்டும் பட்டறை ஒன்றுக்கு டீச்சரே அந்த ஃபைலை அனுப்பிவைத்தாள். சில நாளில் ஸ்டீல் கொக்கி ஒன்று காகிதத்தில் சுற்றிக் கைக்கு வந்தது. திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே பொருள், இப்போது உள்ளங்கையில் குளிர்ச்சியாக இருந்தது. குடைச்சல் அதை உடனே மாட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா சாய்ந்து பார்த்தாள். நின்றது. "பரவாயில்லையே," என்றாள், அக்காவிடமிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

"அத்தானையும் உக்கார வெச்சுப் பார்த்துடலாம்," என்றாள் குடைச்சல்.

அக்காவின் கணவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். செய்வதையெல்லாம் ருசி பார்த்தே ஆள் இரண்டு பேர் கனம் இருப்பார். வந்து உட்கார்ந்து, ஜாக்கிரதையாகப் பாதி சாய்ந்தார். நின்றது. "நல்லா இருக்கே" என்று சொல்லி உடம்பை முழுக்கத் தளர்த்தி விட்டார். அடியில் டர்ரென்று ஒரு சத்தம். சாய்மானம் கடைசி வரை போய் நின்றது. அத்தானின் கால் இரண்டும் மேலே எழும்பி, ஒரு செருப்பு கண்ணாடிக்கு அடியில் போய் விழுந்தது.

"ஐயோ, அடி பட்டுச்சாங்க?" என்று அக்கா ஓடி வந்தாள்.

அத்தான் மல்லாந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடி படலை. ஃபேன் மேல அவ்வளவு தூசி இருக்கே, யாரும் துடைக்கறதில்லையா?"

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் குடைச்சல் மட்டும் நாற்காலிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தாள். கொக்கி உடையவில்லை, வளையவும் இல்லை. கனம் ஏறியதும் பல்லை விட்டு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான். அளவில் எதுவும் தப்பில்லை. பிறகு ஏன் நழுவியது?

முகத்துக்கு மாஸ்க் போடும்போது பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துவந்து பல் பட்டையின் மேல் பிடித்தாள். பற்கள் ஒன்றும் நேராக இல்லை. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு சாய்ந்திருந்தன. உரசி உரசித் தேய்ந்தவை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு விளக்கை மேலே நகர்த்தினாள். பட்டையின் கோடியில் இருந்த பற்களில் கொக்கி ஒரு நாளும் மாட்டியதே கிடையாது. யாரும் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து தலை அலசிக்கொள்வதில்லை. அந்தப் பற்களில் கம்பெனியில் அடித்த கறுப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அவையும் சாய்ந்துதான் இருந்தன.

தேய்மானம் இல்லை. யாரோ வேண்டுமென்றே சாய்த்திருக்கிறார்கள்.

மறு சனிக்கிழமை டீச்சரிடம் சொன்னதும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நானும் சேர்ந்துல்ல தப்பாச் சொன்னேன். பட்டையையும் வரைஞ்சுடுங்க அக்கா. ரெண்டையும் சேர்த்து அசைச்சுப் பார்ப்போம்."

பட்டையை வரைந்தாள், சாய்ந்த பற்களோடு. கொக்கியில் தொண்ணூறு என்ற எண்ணை அழித்து எண்பத்து நான்கு என்று தட்டினாள். கொக்கி முழுவதும் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. அந்த முகம் சாய்ந்தது, அதையொட்டிய முனை கூர்மையானது, வளைவு தானாக நீண்டு போய்ச் சேர்ந்துகொண்டது. ஓர் எண்ணை மாற்றியதற்கு அத்தனையும் அடங்கிப் போனதைப் பார்த்து அவள் ஒரு நிமிஷம் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

பிறகு கொக்கியைப் பிடித்துப் பல்லிலிருந்து வெளியே இழுத்தாள். வரவில்லை. இரண்டும் இடிக்கின்றன என்று அந்த இடம் சிவப்பாக மாறியது. முன்பு போட்ட நேர் முகத்தை வைத்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் சாய்ந்த முகம். சிவப்பு. பட்டையைக் கொஞ்சம், மயிரிழை அளவு, பின்னால் திருப்பிவிட்டு இழுத்தாள். இப்போது வந்தது.

"டீச்சர், பட்டை பின்னால திரும்பினாத்தான் கொக்கி வெளியே வருது."

"ம்."

"பட்டை திரும்பணும்னா சாய்மானம் தூக்கணும். சாய்மானம் தூக்கணும்னா சாஞ்சிருக்கற ஆளையே தூக்கணும்." அவள் குரல் இறங்கியது. "ஆள் கனமா இருந்தா அவ்வளவு கனத்தையும் கொக்கி தூக்கினாத்தான் நழுவ முடியும். அதால முடியாது. அப்ப ஆள் கனக்கக் கனக்க அது இறுக்கிப் பிடிச்சுக்கும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். மவுஸை வாங்கிப் பட்டையைத் தானும் ஒரு தடவை பின்னால் திருப்பிப் பார்த்தாள்.

கடையில் யாரை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தாலும், "லேசா முதுகைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அக்காவும் தங்கையும் கொக்கியை விடுவிக்கும் நெம்புகோலை இழுப்பார்கள். தூக்காவிட்டால் அது மக்கர் பண்ணும். துரு என்று நினைத்து எத்தனையோ தடவை எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மக்கர் இல்லை அது. ஒருவர் இன்னும் சாய்ந்திருக்கும்போது தெரியாத்தனமாக யாராவது நெம்புகோலைத் தட்டிவிட்டாலும் அவர் கழுத்து தொட்டியில் மோதக் கூடாது என்று, இவர்கள் பிறப்பதற்கு முன்பேகூட இருக்கலாம், யாரோ ஒருவர் காகிதத்தில் ஆறு டிகிரி சாய்த்துக் கோடு போட்டிருக்கிறார். அந்த நாற்காலியில் அவளே ஆயிரக்கணக்கான தலைகளை ஏந்தியிருக்கிறாள். அடியில் இன்னொரு கையும் சேர்ந்து ஏந்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

புதுக் கொக்கி வந்தது. அத்தான் முதலில் மறுத்தார். "ஒரு தடவை வானத்தைக் காட்டினது போதும்மா" என்றார். பிறகு அக்கா முறைத்ததும் உட்கார்ந்தார். உட்கார்ந்து, சாய்ந்து, மெல்ல உடம்பைத் தளர்த்தினார். அடியில் கட்டென்று ஒரே ஒரு சத்தம். குடைச்சல் நெம்புகோலை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவே இல்லை. அக்கா வெந்நீரைத் திறந்து அவர் தலையை அலச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் குறட்டை விட்டார்.

அடுத்த சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே அக்கா நூலகத்துக்கு வந்து நின்றாள். "எனக்கும் காட்டு," என்றாள்.

குடைச்சல் எழுந்து இடம் கொடுத்தாள். அக்கா மவுஸைக் கத்திரிக்கோல் பிடிப்பதுபோல நுனி விரலால் பிடித்தாள். கொக்கி ஒரு சுற்றுச் சுற்றியது. டீச்சர் ஒரு பொத்தானைத் தட்டியதும் அது பாதியாகப் பிளந்து உள்பக்கம் தெரிந்தது, துளையும் ஆணியும் ஸ்பிரிங் காதும் அதனதன் இடத்தில். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இதை முதல்ல வரைஞ்சவங்க யாருடி?"

"தெரியலக்கா. தகடே இல்லையே."

"உயிரோட இருப்பாங்களா?"

"அதுவும் தெரியல."

அக்கா தலையாட்டினாள். கொக்கியை மேலும் கீழுமாகத் திருப்பி, சாய்ந்த முகம் தன்னைப் பார்க்கும்படி நிறுத்தினாள். வகுப்பறையை மூடும் நேரம் ஆகிவிட்டது என்று நூலகக்காரர் கதவருகே வந்து தொண்டையைக் கனைத்தார். பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"இருங்க," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரே ஒரு தடவை சுத்திப் பார்த்துக்கறேன்."