இன்னும் குடிக்கிறாள்

...மறுபடியும் குளிக்கிறான், காலையில் ஒரு தடவை குளித்தாயிற்று, மத்தியானம் இரண்டு மணிக்கு எதற்கு இன்னொரு குளியல், எதற்கென்று அவளுக்கா தெரியாது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள், வாயைத் திறந்து கேட்க வேண்டியதைச் சோப்புப் போட்டுக் கேட்கிற ஆள் உலகத்திலேயே அவள் புருஷன் ஒருத்தனாகத்தான் இருப்பான். மடியில் நான்கு மாத மகளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. தூங்கிடாதே, தூங்கிடாதே தாயே... தூங்கினால் தொட்டிலில் போட வேண்டும், போட்டால் மடி காலியாகிவிடும், மடி காலியானால் அடுத்தது அவன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லிப் பார்த்தாளே, அசதியா இருக்கு என்று, அவனும் சரி என்றான், சரி என்றவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரங்களை டொங்கு டொங்கென்று கழுவினான். பாத்திரம் கழுவுகிறானே, பிள்ளையின் துணி துவைக்கிறானே, நீ கொடுத்து வைத்தவள் என்று ஊரே சொல்கிறது, கெட்டவனாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம், இந்த நல்லவனை என்ன செய்வது.

பிரசவமாகி ஆறு வாரம் முடிந்து பரிசோதித்த டாக்டரம்மா, எல்லாம் ஆறிவிட்டது, இனிமேல் சேர்ந்திருக்கலாம் என்றாள், அதையும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னாள், பழுது பார்க்க விட்ட வண்டியைச் சாவியோடு திருப்பிக் கொடுப்பது போல. தேங்க்ஸ் டாக்டர் என்றான். எதற்குடா தேங்க்ஸ்? பால் கொடுக்கிறவரைக்கும் உள்ளே வறண்டு கிடக்கும், உப்புத்தாளால் தேய்த்த மாதிரி எரியும், ஆசை இருந்த இடமே தெரியாமல் போகும் என்று யாராவது சொன்னார்களா, ஃபோனில் தானே தேடிப் படித்த அன்றுவரை தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் மட்டும் சொன்னாள், பிள்ளையே கதின்னு இருக்காதே, அவனையும் கொஞ்சம் கவனிச்சுக்கோ என்று. ஒரு நாளைக்குப் பத்து தடவை ஓர் உயிர் அவள்மேல் தொங்குகிறது, அது இறங்கினால் இவன், நடுவில் அரை மணி நேரம் இந்த உடம்பு அவளுக்கே அவளுக்கு என்று கிடைத்தால் குறைந்தா போய்விடும்? ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருஷமாக அவள் ரத்தம் எடுக்கிறாள், கையை நீட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பவரிடம்கூட, குத்தட்டுமா சார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள்... மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் கை பட்டதும் பால் பீறிட்டது, சிரித்துவிட்டான், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரித்தபடியே கையைப் படுக்கை விரிப்பில் துடைத்தான் பார், அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. முன்பு அவன் கழுத்தருகே மூச்சு விட்டாலே போதும், அவளேதான் கதவைச் சாத்துவாள், அவளேதான் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுப்பாள், அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போய்த் தொலைந்தாள், திரும்பி வருவாளா மாட்டாளா, அதைக் கேட்பதற்கும் ஆள் இல்லை.

தண்ணீர் நின்றது. பவுடர் வாசனை முதலில் வந்தது, பின்னால் அவன் வந்தான், வாசற்படியில் நின்று, "இன்னும் குடிக்கிறாளா?" என்றான். "ம்... இன்னும் குடிக்கிறா." பச்சைப் பொய், குழந்தை வாயை எடுத்து ஐந்து நிமிஷம் ஆகிறது, தோளில் கிடந்த துண்டை இழுத்து மறைத்துக்கொண்டாள். சரி, மெதுவா ஆகட்டும் என்று கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான், பெரிய மனசு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி காலை வேறு ஆட்டுகிறான். பிறந்த வாரத்தில் குழந்தை குடிக்காமலே தூங்கிப் போனபோது நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள், உள்ளங்காலில் லேசாகச் சுண்டினால் விழித்துக்கொள்ளும் என்று. துண்டுக்கு அடியில் சுண்டினாள். அசையவில்லை. கொஞ்சம் பலமாகச் சுண்டினாள், குழந்தை திடுக்கிட்டு விழித்துச் சிணுங்கியது, சட்டென்று மார்பில் சேர்த்தாள், அது முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது, இவள் தலையைப் பிடித்து மறுபடி சேர்க்க, அந்தப் பக்கம் திருப்பியது, பிஞ்சுக் கையால் அவளைத் தள்ளியது, துண்டு நழுவிக் கீழே விழுந்தது. குடிடி, குடியேன், உன்னை விட்டால் எனக்கு யார்... அவன் எட்டிப் பார்த்தான்.

"அவளுக்கு வேணாம்மா. மூஞ்சியைத் திருப்பிக்கிறா பாரு. ஏன் கட்டாயப்படுத்தறே, விடு."

எவ்வளவு அக்கறையாகச் சொன்னான், குழந்தையின் கன்னத்தை ஒற்றை விரலால் எவ்வளவு மெதுவாகத் துடைத்தான். அவள் கை அப்படியே நின்றது. கால் சுண்டிய விரல் கூசியது, அது ஒரு பக்கம் இருக்கட்டும்... பேசத் தெரியாத நாலு மாசக் குழந்தை முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று அர்த்தம், அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளே, அதை அவன் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தான்?