திருச்செல்வம் வீட்டு எதிரில்

புக்கிட் காத்தில் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் நிற்பதற்கு முன்பே அந்தச் செய்தி திருச்செல்வத்திடமிருந்து வந்துவிடும். சில நாள் செய்தி வந்த பிறகும் தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும், அது தண்ணீரின் குற்றம். தொழிற்சாலை ஸ்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு குடியிருப்புக்காரர்களுக்காக 'நம்ம தாமான் செய்தி' என்று ஒரு வாட்சப் குழுவைத் தொடங்கி, ஆறு வருஷமாக அவர்தான் அதைக் கட்டி மேய்க்கிறார். குப்பை லோரி வரும் நாள், கொசு மருந்து அடிக்கும் நேரம், இலவசக் கண் பரிசோதனை, கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி எதுவானாலும் அவர் கட்டைவிரலைத் தாண்டித்தான் அந்தக் குடியிருப்புக்குள் நுழைய வேண்டும்.

ஒரு செய்தி போட்டால் போதும், கும்பிடும் கைகளாக வந்து விழும். அந்தக் கைகளைப் பார்க்கும்போது ஏதோ ஒரு நாட்டையே நடத்துவதுபோல அவருக்கு இருக்கும். மனிதர் தன்னைப் பற்றித் தெரியாதவர் இல்லை. "எனக்கு இது ஒரு கிறுக்குலா," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி போயிருக்கும்.

அந்தக் கிறுக்கால் ஒரு வரனே கைவிட்டுப் போனது. மகள் ராகினியைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், "யோசிச்சுச் சொல்றோம்," என்று காடி ஏறிப் புறப்பட்டது. அவர்கள் டோல் சாவடியைத் தாண்டுவதற்குள் இவர் குழுவில் 'எங்கள் இல்லத் திருமணம்' என்று அறிவித்துவிட்டார். மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி அந்தக் குழுவில் இருந்தாள். அதற்கப்புறம் அவர்கள் யோசிக்கவே இல்லை.

இப்போது ராகினிக்கு முப்பத்தொன்று. பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. சுங்கை ரம்பாயிலிருந்து பல் பிடுங்கிக்கொள்ள வந்த திவாகர், அதற்கப்புறம் வலியே இல்லாத பற்களைக் காட்டப் பலமுறை வந்தான். அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. முறைப்படி பெண் பார்க்க அவன் அப்பா அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு.

"அப்பா, இந்த ஒரு தடவை என்னைப் பத்திக் குரூப்ல எதுவும் போட்டுறாதீங்க. இதுவும் போச்சுன்னா நான் அப்புறம் யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா போட மாட்டேம்மா," என்றார் திருச்செல்வம். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மகளைப் பற்றி ஓர் எழுத்துகூடப் போடவில்லை. குப்பையைப் பற்றித்தான் போட்டார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, வீடு ஒழிக்கும் காலம். பெரிய சாமான்களைப் போடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ரோரோ தொட்டி வைக்கப்போவதாக நகராண்மைக் கழகம் அறிவித்திருந்தது. ரோரோ என்றால் லோரி முதுகில் வந்து இறங்கும், ஓர் அறை அளவுக்கு இரும்புத் தொட்டி. இடம், ஒன்பதாவது ஜாலான் முனை, பிள்ளைகள் பந்து விளையாடும் பாடாங் ஓரம்.

இதை அப்படியே போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் நம் ஆட்களுக்கு ஜாலான் ஒன்பது, பத்து என்ற தெரு நம்பரெல்லாம் மண்டையில் ஏறாது. எதைச் சொன்னாலும், "யாரு வீட்டுப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே இடத்துக்கு ஓர் ஆள் பெயர் வேண்டும். ஒன்பதாவது ஜாலான் முனையில் இருப்பது கோகுலராஜ் வீடு. இந்தக் கோகுலராஜ் போன மாதம்தான் 'தாமான் துரிதச் செய்தி' என்று போட்டிக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார். அந்த ஆளின் பெயரைத் தன் கையால் தன் குழுவில் அடிப்பதா? திருச்செல்வத்துக்கு விரல் வரவில்லை.

அவர் வீட்டு எதிரிலும் ஒரு காலி இடம் இருந்தது. தொட்டி எங்கே நின்றால் என்ன, குப்பை குப்பைதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். ஆபீஸ் திறந்ததும் ஒரு ஃபோன் போட்டு இடத்தை மாற்றச் சொன்னால் மாற்றாமலா போய்விடுவார்கள்? வெள்ளிக்கிழமை காலை பசியாறுவதற்கு முன்பே செய்தி போய்விட்டது: 'ஞாயிறு காலை ரோரோ தொட்டி. இடம்: புக்கிட் காத்தில், திருச்செல்வம் வீட்டு எதிரில். நமது பெருமுயற்சியால் வரும் சேவை. அனைவருக்கும் பகிரவும்.'

கும்பிடும் கைகள் கொட்டின. அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரை மனைவி பாக்கியலட்சுமி கடைக்கு விரட்டினாள். லட்டு, பூ, புதுத் திரைச்சீலை, பாத்ரூமுக்கு பல்ப் என்று அவர் அலைந்த அலைச்சலில் ஃபோன் போடுவது சுத்தமாக மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே காலி இடம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஸ்பிரிங் துருத்திய சோபாக்கள், மழையில் ஊறிய மெத்தைகள், முதுகு புடைத்த பழைய டிவிகள், யாரோ உடம்பு இளைக்க வாங்கித் துணி காயப்போட்ட ஓட்ட மெஷின். குவியல் காலி இடத்தில் அடங்காமல் ரோட்டுக்கு வழிந்து, அவர் வீட்டு கேட்டையே தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டியை மட்டும் காணோம். போடாத ஃபோன் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்னங்க இது! யாரு சொல்லி நம்ம வாசல்ல கொண்டாந்து கொட்டுறாங்க?" என்று பதறினாள் பாக்கியலட்சுமி.

அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் ஓர் அலமாரியைத் தூக்கிவந்து இறக்கினார்கள். "ரொம்ப நன்றிண்ணே, எல்லாம் உங்க முயற்சி," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பாக்கியலட்சுமி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல உங்களைத் தூக்கி அதுல போடணும்," என்றாள். திருச்செல்வத்துக்கும் அது நியாயமான யோசனையாகத்தான் பட்டது.

நகராண்மைக் கழகத்துக்கு ஃபோன் அடித்தார். விடுமுறை நாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெத்தைகளைத் தானே இழுத்து ஓரங்கட்டப் பார்த்தார். புது வேட்டி சோபா ஸ்பிரிங்கில் மாட்டிக் கிழிந்ததுதான் மிச்சம். அந்தக் கிழிசலைக் கையில் பிடித்தபடி அவர் நின்றபோது தெருமுனையில் ஒரு பிக்கப் வந்து, மேலே வர வழியில்லாமல் நின்றது. சுங்கை ரம்பாய்க்காரர்கள்!

திவாகரின் அப்பா நாகமுத்து இறங்கி, கும்பிட்டுக்கொண்டே நடந்து வந்தார். "வணக்கம் சம்பந்தி. லோரி வந்துட்டுப் போயிருச்சா, இனிமேதானா?"

"எந்த லோரிங்க?"

"ரோரோலா! எங்க ஊரு கோயில் குரூப்புக்கும் உங்க செய்தி வந்துச்சே. அட, நாம போறதே அந்த வீட்டுக்குத்தானேன்னு, கெட்டுப்போய்க் கெடந்த ஃபிரிட்ஜையும் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

உண்மைதான். பிக்கப்பின் பின்னால் பழக்கூடைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு ஃபிரிட்ஜ் நின்றுகொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், திருச்செல்வத்துக்கு அந்த நிலைமையிலும் ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. தன் செய்தி சுங்கை ரம்பாய் வரைக்கும் போயிருக்கிறதே!

திவாகரின் அம்மா மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் குவியலைப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு வர்ற வாசல்ல ஊருல கழிச்ச சாமானெல்லாம் கெடக்கு. இதைத் தாண்டிக்கிட்டு நான் உள்ள வரமாட்டேன். வண்டியைத் திருப்புங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று திருச்செல்வத்துக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் திரை லேசாக அசைந்தது. அந்தப் பக்கம் பட்டுச்சேலையோடு ராகினி நிற்கிறாள்.

"கொஞ்ச நேரம் இருங்க தங்கச்சி, லோரி இப்ப வந்துரும். நானே நேர்ல பேசியிருக்கேன்," என்று வாய் கூசாமல் புளுகினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பின்வீட்டுப் பவானேஸ்வரி வரவேண்டும்! வீட்டில் கழற்றிய பழைய கக்கூஸ் பேசினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? தொட்டி பாடாங் ஓரத்துல நிக்குது, கோகுலராஜ் வீட்டுக்கிட்ட! ரெண்டு நாளா ராகினி ஒன்னும் சொல்லலையேன்னு நம்பி எல்லாரும் இங்க கொண்டாந்துட்டோம்."

"ராகினி என்ன சொல்லணும்?" என்று கேட்டார் திருச்செல்வம்.

பவானேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது வந்துண்ணே... நீங்க ஒன்னு போட்டா, ராகினி எங்க பொம்பளைங்க குரூப்புல சரியான நாளு, சரியான எடம் போடும். அது ஒன்னும் போடலைன்னா நீங்க சொன்னது சரின்னு அர்த்தம். ஆறு வருஷமா அப்படித்தானே எல்லாரும் பாத்துக்கிறோம்."

எல்லாரும் என்றால் அவரைத் தவிர எல்லாரும். திருச்செல்வம் அந்த ஓட்ட மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இலவசக் கண் பரிசோதனைக்குத் தன் செய்தியை நம்பிச் சனிக்கிழமை போய், பூட்டிய மண்டபத்து வாசலில் ஒற்றை ஆளாக நின்றது நினைவுக்கு வந்தது. 'நம் மக்களுக்கு அக்கறையே இல்லை' என்று குழுவில் எவ்வளவு நீளமாகத் திட்டித் தீர்த்தார்! மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஊரே போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, திட்டுக்கும் கும்பிடு போட்டிருக்கிறார்கள். நாட்டை நடத்துகிறாராம் நாட்டை.

கதவு திறந்தது. கூப்பிட்ட பிறகு தட்டோடு வரவேண்டிய பெண், கூப்பிடாமலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா நீ இந்த ரெண்டு நாளா..." என்று ஆரம்பித்தார் திருச்செல்வம்.

"குரூப் பக்கமே போகலப்பா. இன்னைக்கு என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்." குரல் உடைந்தது. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பவானேஸ்வரியிடம் திரும்பினாள். "அக்கா, எல்லாரையும் வரச் சொல்லுங்க. அவங்கவங்க சாமானை அவங்கவங்களே பாடாங்குக்குக் கொண்டு போகணும்." பிறகு நாகமுத்துவைப் பார்த்து, "அங்கிள், உங்க பிக்கப் கொஞ்சம் வேணும்," என்றாள்.

நாகமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. மகனோ அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கியிருந்தான். சோபாவின் ஒரு முனையை ராகினி பிடிக்க, மறுமுனையைத் திவாகர் பிடித்தான். மெத்தைகள் நகர்ந்தன, டிவிகள் ஏறின, ஃபிரிட்ஜும் அதே பிக்கப்பிலேயே பாடாங்குக்குப் போனது. பெண் பார்க்க வந்தவர் ஊரார் வீட்டுக் குப்பையை நடை நடையாக ஏற்றிப்போய்க்கொண்டிருந்தார். திருச்செல்வம் கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கக்கூஸ் பேசினைத் தள்ளிக்கொண்டு போனார். முனை வீட்டு வாசலில் கோகுலராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

தெரு காலியாக மத்தியானம் ஆகிவிட்டது. கடைசி அலமாரியை இறக்கிவிட்டு பிக்கப் திரும்பி வந்ததும், அதிலேயே உட்கார்ந்திருந்த திவாகரின் அம்மா தானாகவே இறங்கி வந்தார். வியர்த்து, மையெல்லாம் கலைந்து நின்ற ராகினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் உங்கப்பா போடுறதையெல்லாம் திருத்துறியாம்மா?"

ராகினி தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்குத் தெரியாமதான் ஆண்டி. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாருன்னு."

"எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்காரும்மா," என்று நாகமுத்துவை ஒரு முறை முறைத்தார் அந்த அம்மாள். "போன மாசம் உசிரோட இருக்கிற என் அண்ணனுக்கு இரங்கல் செய்தி போட்டாரு. வந்த மாலையையெல்லாம் திருப்பி அனுப்பி நான் பட்ட பாடு! எனக்கு வேற ஒன்னும் வேணாம். நீ வந்துரு."

எல்லாரும் சிரித்தார்கள். நாகமுத்துதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார். திருச்செல்வமும் சிரித்தார், ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டார். லட்டுத் தட்டை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

சாயங்காலம், அவர்கள் போன பிறகு, வாசல் படியில் உட்கார்ந்து, அன்றைக்கே நாள் குறித்த நிச்சயதார்த்தத்தின் செய்தியை அடித்தார். இந்த முறை ராகினியே போடச் சொல்லியிருந்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தான்மேல் போயிற்று. நிறுத்திக்கொண்டார். உள்ளே போய், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் ஃபோனை நீட்டினார்.

"ஒரு தடவை பாத்துரும்மா."

ராகினி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். "ஞாயித்துக்கிழமைப்பா. சனின்னு அடிச்சிருக்கீங்க."

"ஞாயிறா?" என்றார். "நீ அங்க போயிட்டா இதையெல்லாம் யாரும்மா பாப்பா?"

"சுங்கை ரம்பாயிலயும் லைன் கெடைக்கும்ப்பா," என்று, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சனியை அழித்துவிட்டு ஞாயிறு என்று அடித்தாள்.