ராசாத்தாள் வைத்த பத்தியம்

எடை இயந்திரம் முப்பத்தெட்டு கிலோ என்றது. போன மாதமும் அதே முப்பத்தெட்டுதான். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

வேலனுக்கு வந்திருப்பது சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பில் சதை ஏறாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைக் கவனிக்க வேண்டிய சுகாதாரப் பணியாளர் நான். சத்தியமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் பயறு, நிலக்கடலை, சத்துமாவு என்று மாதாமாதம் கொண்டுவந்து இறக்குகிறேன். கோழி வளர்க்கிற வீடு, தினம் ரெண்டு முட்டை கொடுங்கள் என்று அவன் அம்மா ராசாத்தாளிடம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

“குடிக்கறயா வேலா?” என்றேன்.

“இல்லீங்கக்கா.” நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அப்படியானால் கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது? கடையில் விற்றுவிட்டீர்களா என்று ராசாத்தாளிடம் கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தகர டிரம்மைத் திறந்து காட்டினாள். நான் கொடுத்த பைகள் அத்தனையும் பிரிக்காமல், பூச்சி வராதபடி வேப்பிலை போட்டு அடுக்கியிருந்தன.

“முட்டைங்க?”

வாசலைக் காட்டினாள். தாய்க்கோழியின் பின்னால் ஒரு கூட்டம் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அடை வச்சுப்போட்டேனுங்க. மருந்து முடியறப்பக் கோழியாயிருமுங்க. அடிச்சுக் கொழம்பு வெச்சு, பையனைத் தேத்திப்போடலாம்.”

“இப்ப என்னதான் திங்கறான்?”

“ரசஞ்சோறுதானுங்க. மொத நாள் முட்டை தின்னு வாந்தியெடுத்துப்போட்டான். டாக்டரே கடுமையான மருந்துன்னாருங்க. அதான் பத்தியம். எனக்கும் அதே சோறுதானுங்க.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் மருந்தோ மாதக்கணக்கில் ஓடுகிறது. அத்தனை மாதமும் பெற்றவளே அக்கறையாகப் பட்டினி போட்டிருக்கிறாள். இந்த மருந்துக்குப் பத்தியமே கிடையாது என்றேன். புரதம் என்றேன், எதிர்ப்பு சக்தி என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“பத்தியமில்லாத மருந்து எப்படிங்க கேக்கும்?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

“சரிங்கம்மா, பத்தியம் இருக்குதுங்க. தினம் ரெண்டு முட்டை, ஒரு கை கடலை, ஒரு கிண்ணம் பயறு. வாந்தி வந்தா எனக்கு போன் போடுங்க, நிறுத்திப்போடாதீங்க. ஒரு நாள் தவறுனாலும் பத்தியம் முறிஞ்சுபோகும்.”

ராசாத்தாளின் முகம் மாறிவிட்டது. இன்னொரு கோழி இட்டிருந்த முட்டைகளைக் கூடையிலிருந்து எடுத்துவந்து உடனே அடுப்பில் வேகப்போட்டாள். வேலன் காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காத்திருந்தான்.

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடியே ராசாத்தாள் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மணி, பத்தியம் இதுதான்னு மொத நாளே சொல்லியிருந்தா நான் தவறியிருப்பேனுங்களா?”