மீனாக இருந்த அப்பாவும் பன்னிரண்டு மிட்டாய்ப் பைகளும்

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நான் ஓட்டும் பேருந்தில் நம்பி ஐம்பது பேர் ஏறுகிறார்கள். கடை வரிசையில் என் பின்னால் நிற்க மட்டும் ஒருவரும் துணிவதில்லை. ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தின் பின்பக்கத்தை நான் படித்து முடிப்பதற்குள் அது கெட்டுப்போய்விடும் என்பாள் என் மனைவி. என்ன செய்வது? நாங்கள் சோமாலிய முஸ்லிம்கள், பன்றி ஆகாது. ஆனால் இந்த ஊரில் பன்றி பன்றியாகவா வருகிறது? ஜெலட்டினாக மாறித் தயிரில் வரும், கேக்கில் வரும், கரடிக்குட்டி மிட்டாயாகிச் சிரித்துக்கொண்டே வரும்.

அதனால் பிறந்தநாள் விருந்துகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய்ப் பை. ஏழு வயதாகும் என் மகள் ஹிபாக்குக்கு மட்டும் வாழைப்பழம்.

அன்று அவள் வகுப்புத் தோழன் ஸிக்ஸ்டனின் பிறந்தநாள். வாசலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆபோ, இன்னிக்கு எதையும் திருப்பித் திருப்பிப் படிக்காதீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கும் எல்லாருக்கும் குடுக்கற பைதான் வேணும்."

"சரிடா தங்கம்," என்றேன். பொய்தான்.

உள்ளே மீன்பிடி விளையாட்டுக்காகக் கதவுக்குக் குறுக்கே போர்வை கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இந்தப் பக்கமிருந்து தூண்டில் வீசுவார்கள். அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் 'மீன்' ஆளுக்கொரு மிட்டாய்ப் பையை மாட்டிவிட வேண்டும்.

"குலேத், நீங்க மீனா இருக்கீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு முதுகுவலி," என்றாள் ஸிக்ஸ்டனின் அம்மா யில்வா.

அல்லாஹ்வே வழிகாட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

போர்வைக்குப் பின்னால் பன்னிரண்டு பைகள். உள்ளே உறையில்லாமல் அள்ளிப் போட்ட உதிரி மிட்டாய்கள், படிக்க ஓர் எழுத்துகூட இல்லை. அமுக்கிப் பார்த்தேன், துள்ளியது. சந்தேகமே இல்லை, ஜெலட்டின்! பரிசாக நான் கொண்டுவந்த பேரீச்சம்பழம் ஒரு கிலோ கையிலேயே இருந்தது. ஹிபாக்கின் பையில் மட்டும் மாற்றலாம் என்றால், எந்தத் தூண்டில் அவளுடையது என்று மீனுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டையும் மாற்றினேன். மிட்டாயெல்லாம் என் கோட்டுப் பைகளுக்குள் போயின.

முதல் தூண்டில் வந்தது. மாட்டினேன்.

"அம்மா! இது என்னமோ கரப்பான்பூச்சி மாதிரி இருக்கு!"

போர்வை சரிந்தது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால், கோட்டுப் பைகள் புடைக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

"மீன் நம்ம மிட்டாயெல்லாம் திருடிடுச்சு!" என்று கத்தினான் ஸிக்ஸ்டன்.

ஹிபாக் தரையைப் பார்த்தாள்.

"ஜெலட்டின்..." என்று இழுத்தேன்.

யில்வா இடுப்பில் கை வைத்தாள். "மூணு நாளா கடையில ஒவ்வொரு மிட்டாய்ப் பெட்டியிலயும் பூதக்கண்ணாடி வச்சு லேபிள் படிச்சேங்க! கடைக்காரன் என்னைப் பார்த்தாலே ஓடறான். எதுலயும் ஜெலட்டின் கிடையாது, எல்லாம் பழத்துலேர்ந்து எடுத்த பெக்டின். தனிப்பை வேணாம், எல்லாருக்கும் ஒரே பைதான்னு உங்க பொண்ணு வந்து கேட்டா."

அவ்வளவு பெரிய வீட்டில் ஒளிய ஒரு போர்வைதான் இருந்தது, அதுவும் விழுந்துவிட்டது.

ஹிபாக்தான் அதைத் தூக்கிக் கொடுத்தாள். "ஆபோ, எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டு மறுபடி மீனா இருங்க. இந்தத் தடவ ஒழுங்கா."

ஒழுங்காக இருந்தேன். அவள் தன் பையைப் பிரித்துச் சிவப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். சாப்பிடலாமா என்று என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

திரும்பும் வழியில் எனக்கும் ஒன்று நீட்டினாள். "சாப்பிடுங்க ஆபோ."

வாங்கினேன். என் கை தானாகவே அதைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தது.